வெயிலுக்கு வந்த புத்தகங்கள்

"இந்த நாவலப் புள்ளைங்க கண்ணுல படாம பூட்டி வெச்சிருங்க டீச்சர்" என்றார் ஒரு மாணவியின் அப்பா. எங்கள் பள்ளி நூலகத்தில் பூட்டிக் கிடந்த ஒரே பீரோவைத் திறந்தேன். பூஞ்சை வாசனை முகத்தில் அடித்தது.

சிறுவயதில் கோத்தகிரி நூலகத்திலும் இதே வாசனைதான். சிறுவர்களுக்கு ஆகாது என்று நூலகர் சில புத்தகங்களைப் பூட்டி வைத்திருப்பார். மூடுபனி பூட்டையெல்லாம் மதிக்காது. உள்ளே புகுந்து தாள்களை ஈரமாக்கிவிடும். வெயிலடிக்கும் நாளில் அவற்றை மதில்மேல் பரப்பி, தாள் புரட்டிவிட எங்களையே கூப்பிடுவார்! நான் மட்டும் மெதுவாகப் புரட்டுவேன்.

ஒருநாள் என்னைக் கூட்டிப்போக வந்த அத்தாவிடம் நூலகர் முறையிட்டார். "ஏனுங்க, காயவைக்கச் சொன்னா உங்க புள்ள படிக்குதுங்க."

அத்தா கடைவீதியில் துணி விற்பவர். "எடுத்துப் பாக்கட்டுங்க. புடிக்கலீன்னா அதுவே மடிச்சு வெச்சிரும்."

அப்படித்தான் ஆனது. சிலவற்றைப் பாதியில் மூடினேன். ஒன்றை மட்டும் மூன்று வெயிலில் படித்து முடித்தேன்.

பீரோ முன்னாலிருந்து அந்த மாணவியின் அப்பாவிடம் திரும்பினேன். "உங்க பொண்ணு படிக்க வேண்டாம்னா அவகிட்டச் சொல்லிப் பாருங்க. மத்த புள்ளைங்களுக்கும் சேத்து நான் பூட்ட மாட்டேனுங்க" என்றேன்.

நாவலைச் சன்னலோர வெயிலில் விரித்து வைத்தேன், முதல் பக்கம் அவரைப் பார்த்திருக்கும்படி.