‘மணி அடிக்காதீர்கள்’ பாடிய சாந்தினி அக்கா

ஜோகூர் மாநிலத்துப் பொந்தியானில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஏர்கோன் பெட்டியைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது ஜோசப் அழைத்தான். ஏணியில் நின்றபடியே கைப்பேசியை எடுத்தேன். “அக்கா போய்ட்டாங்கடா” என்றான். “எப்போ?” என்று கேட்டேன். “இப்பதான், பத்து மணிக்கு.” கழற்றியதை மாட்டாமல் போக முடியாது என்பதால் வேலையை முடித்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று மலாயில் கேட்டார். எங்கள் பாடகி இறந்துவிட்டார் என்றேன். “பிரபலமானவரா?” என்றார்.

குளுவாங், ரெங்கம், காஹாங் பக்கத்துக் கல்யாண விருந்துகளுக்குப் போனவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஜோசப் கிட்டார், நான் டிரம்ஸ், சாந்தினி அக்கா குரல். பகலில் அவர் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் இரத்தம் பரிசோதிப்பவர். அவருடைய கொள்ளுத் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே எழுத்தராக இங்கே வந்தவர். என் பாட்டன் ரெங்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இந்த வித்தியாசத்தைப் பற்றி எங்கள் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் நிறையப் பேசுவார்கள். நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

அந்தப் பாட்டு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. குளுவாங்கில் ஒரு டயர் கடைக்கு மேலே எங்கள் ஒத்திகை அறை. ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்கா உள்ளே வந்ததும் உட்காராமல் சொன்னார்: “வசந்தி போன் பண்ணினா.” அக்காவின் அம்மா இலங்கையிலிருந்து கல்யாணமாகி வந்தவர்; வசந்தி அந்தப் பக்கத்துத் தாய்மாமன் மகள், வன்னியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அப்போது அங்கே போர் நடந்துகொண்டிருந்தது. வசந்தி சொன்னதை அவள் பேச்சிலேயே அக்கா எங்களுக்குச் சொல்லிக் காட்டினார்: “மணி அடிச்சா பிள்ளையள் பங்கருக்குள்ள ஓடுதுகள். அதால மணி அடிக்கிறதை விட்டிட்டம்.”

பதுங்குகுழிக்கு ஓடச் சொல்லும் மணியும் பாடம் தொடங்கும் மணியும் அந்தப் பிள்ளைகளின் காதுக்கு ஒன்றாகிவிட்டன. அதை வைத்து அக்கா நான்கு பத்திகள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றும் “மணி அடிக்காதீர்கள், பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்” என்று முடிந்தது. தொடக்கத்தில் கிட்டார் மட்டும். மூன்றாம் பத்தியில்தான் டிரம்ஸ். கடைசி வரியில் எந்தக் கருவியும் கிடையாது. ராக் பாட்டு என்றால் இடி மாதிரி இறங்க வேண்டும் என்று நினைத்து, நான் என் பலத்தையெல்லாம் காட்டினேன். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். “நீ குண்டு போடுற மாதிரி அடிக்காத லா, மாறா. உள்ள ஆள் இருக்காங்களான்னு கதவத் தட்டுற மாதிரி அடி.” இருபது வருடம் கழித்தும் எனக்கு அது முழுதாகக் கைவரவில்லை.

முதலில் பாடியது ஒரு சங்கத்தின் ஆண்டு விருந்தில். மக்கள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பத்தியில் கரண்டிச் சத்தம் குறைந்தது. மூன்றாம் பத்திக்கு நான் உள்ளே வந்தபோது மண்டபத்தில் என் சத்தம் மட்டும்தான். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத பரிமாறும் பையன் தட்டோடு அப்படியே நின்றுவிட்டான். என் அம்மா முன்வரிசையில் இருந்தார். “அது சிலோன்காரவங்க சண்டை, நமக்கு என்னா” என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவர். வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதார். காரில் ஏறியதும் என்னைத் திட்டினார்: “என்னா பாட்டுடா இது? சோறு எறங்கல எனக்கு.”

அதன் பிறகு ஜோகூர் முழுக்கக் கூப்பிட்டார்கள். மூவார், பத்து பகாட், ஜோகூர் பாரு, எங்கே பாடினாலும் அழுதார்கள். வாசலில் ஒரு மேசை போட்டு, போரை நிறுத்தச் சொல்லும் மனுவில் கையெழுத்து வாங்கினோம். அழுத கண்ணோடு வரிசையில் நின்று போட்டுவிட்டுப் போனார்கள். அக்கா நம்பினார். நாங்களும் நம்பினோம். “ஒரு மனுசன் இதக் கேட்டுட்டு அடுத்த நாள் அதே மாதிரி இருக்க முடியாது” என்று அப்போது சொல்வார். மனுக்களைக் கட்டிக் கட்டி அனுப்பினோம். யாரும் பதில் போடவில்லை.

வசந்தியின் அழைப்பு மாதத்துக்கு ஒன்றானது, பிறகு நின்றது. போர் முடிந்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொன்ன வாரம் நாங்கள் ஒத்திகைக்குக் கூடினோம். அக்கா வந்தார், ஒலிவாங்கியைச் சரி செய்தார், பாடத் தொடங்கினார். மூன்றாம் பத்தியில் நிறுத்திவிட்டார். நான் மட்டும் இரண்டு அடி கூடுதலாக அடித்துவிட்டு நின்றேன். “யாரு கேக்கணுமோ அவங்க கேக்கல” என்றார். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். தெரிந்தவர்களை எல்லாம் விசாரித்துப் பார்த்தும், எத்தனையோ இடங்களுக்கு எழுதியும், வசந்தி எங்கே என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து ஜோகூர் பாருவில் ஒரு கோயில் மண்டபத்தில், ஏற்பாட்டாளர்கள் மிகவும் கெஞ்சியதால் மீண்டும் பாடினார். வழக்கம் போல எல்லோரும் அழுதார்கள். தூணோரம் நின்றிருந்த ஒருவர் மட்டும் அழவில்லை. பெயர் குணம். அங்கிருந்து தப்பி வந்து, அகதி அட்டையோடு கார் கழுவும் கடையில் வேலை செய்தவர். நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து மரியாதையாகத்தான் பேசினார்.

“பாட்டு நல்லா இருக்கு அக்கா. ஆனா நாங்கள் அங்க அழேல்ல. அழ நேரம் கிடைக்கேல்ல. இஞ்ச இவையள் அழுதுபோட்டுச் சாப்பிடப் போயினம்.”

அக்கா கோபப்படவில்லை. வசந்தி என்று ஓர் ஆசிரியையைத் தெரியுமா என்று கேட்டார். எந்தப் பள்ளிக்கூடம் என்றார் அவர். அக்கா பெயரைச் சொன்னார். “அந்தப் பள்ளிக்கூடமே இப்ப இல்லை அக்கா” என்றார் குணம்.

அன்றோடு அக்கா அந்தப் பாட்டைப் பாடுவதை விட்டுவிட்டார். கல்யாணங்களில் காதல் பாட்டு பாடினார். யாராவது அந்தப் பாட்டைக் கேட்டுச் சீட்டு எழுதி அனுப்பினால் சிரித்துக்கொண்டே மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்வார். பல வருடம் அப்படியே போனது.

போன வருடம் வேறொரு நாட்டில் வேறொரு போர். கைப்பேசியைத் திறந்தால் பிள்ளைகளின் முகங்கள். நிவாரணத்துக்காக ஜோகூர் பாருவில் ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஜோசப் கேட்டதும், நாங்கள் எதிர்பார்க்காத மாதிரி, அக்கா உடனே சரி என்றார். மேடையில் அந்த ஒரு வரியின் பொருளை மட்டும் மலாயில் சொன்னார். பிறகு தமிழில் பாடினார். குரல் முன்பைவிடக் கனத்திருந்தது. கடைசி வரி முடிந்தபோது கைதட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மலாய்ப் பெண் மேடையேறி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு விட மறுத்தாள். “தெரிமா காசே, காக்”, நன்றி அக்கா, என்பதைத் தவிர அவளால் வேறெதுவும் பேச முடியவில்லை.

குளுவாங்குக்குத் திரும்பும் வழியில் நான் ஓட்டினேன். அக்கா பக்கத்தில் கைப்பேசி பார்த்துக்கொண்டு வந்தார். திடீரென்று திரையை என் பக்கம் திருப்பினார். அன்று மதியம் போர் நடக்கும் அந்த நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்திருந்தது.

“நாம பாடிக்கிட்டிருந்த நேரம்” என்றார்.

“அலமாக், அப்படிப் பாக்காதீங்க அக்கா.”

“வேற எப்படிப் பாக்குறது? நீயே சொல்லு.”

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். நெடுஞ்சாலை முழுக்க இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள்.

சில மாதங்களில் வயிற்றுவலி என்று பரிசோதித்தார்கள். முடிவுத் தாளை மருத்துவர் விளக்குவதற்கு முன்பே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அது அவருடைய தொழில். கடைசியாகப் போய்ப் பார்த்தபோது, கூட்டத்தில் எடுத்த காணொளியை இலட்சக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள், எல்லாரும் அழுதேன் அழுதேன் என்று எழுதுகிறார்கள் என்று உற்சாகப்படுத்தப் பார்த்தான் ஜோசப். அக்கா படுத்தபடியே கேட்டுக்கொண்டார்.

“அழுறவங்க எல்லாம் நல்லவங்க, ஜோசப். நல்லவங்கள அழ வைக்கிறது சுலபம்.”

ஜோசப் தண்ணீர் வாங்கி வரப் போனான். நான் நெடுநாளாக மனத்தில் இருந்ததைக் கேட்டேன். “அப்புறம் ஏன் அக்கா அன்னிக்கு மறுபடி பாடுனீங்க?”

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

“வேற என்னா செய்யுறதுன்னு தெரியல, மாறா” என்றார்.

அடக்கத்துக்கு வந்த நண்பர்கள் இப்போது அவருக்காக ஒரு நினைவுக் கச்சேரி வைக்க வேண்டும் என்கிறார்கள். அந்தப் பாட்டை இன்னொரு பெண் பாடட்டும், நீங்கள் இருவரும் வாசியுங்கள் என்கிறார்கள். நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். வாசிப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. வாசித்தால் எல்லோரும் அழுவார்கள், நானும் அழுவேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் என்னைத் தடுக்கிறது.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கடைசிப் பதில் மட்டும்தான். அதை ஆறுதலாக மாற்றிப் பார்க்கப் பலமுறை முயன்றேன். முடியவில்லை. அவர் சொன்னபடியே வைத்திருக்கிறேன்.