ஓட்டுநர் இருக்கையின் கனம்

என் தங்கை முடுக்கிய டிரக் கிளம்பினால் எதிர்வரிசை வீடுகளெல்லாம் ஓரடி பின்னால் தள்ளிப் போகும். சரி, கொஞ்சம் அதிகம்தான். வீடுகள் நகராது, அலமாரியில் தம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் இனிமேல் சொல்லப்போவதில் என் சொந்தச் சரக்கு எதுவும் கிடையாது.

தங்கையைத் தெருவில் எல்லோரும் நட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கைக்குட்டை இருக்கவேண்டிய பையில் நட்டுகள்தான் கிடக்கும். சின்ன வயதில் அம்மாவின் தையல் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்து உதை வாங்கினாள். திரும்பப் பூட்டியபோது அது முன்பைவிடச் சத்தமில்லாமல் தைத்தது. கையில் திருகாணிகள் வேறு மிச்சம் இருந்தன.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவரும் ஒரு வண்டிப் பைத்தியம், டிரக் பந்தயக்காரர். பழைய விமான ஓடுதளத்தில் இரண்டு டிரக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் நேராக ஓடவேண்டும். திருப்பம் கிடையாது, ஒன்றும் கிடையாது. "நேரா ஓட்றதுக்கு ஒரு போட்டியா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். "ஓட்றது யாரு வேணா ஓட்டலாம் அக்கா. கெளம்பறதுலதான் இருக்கு" என்றார்.

கிளம்புவது தங்கையின் பொறுப்பு. எஞ்சினில் அத்தனை பலம் இருந்தால், மிதித்த நொடியில் பின் ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். ஸ்பிரிங் பட்டைகள் நெளிந்து திமிறும். டயர் தவளை மாதிரித் துள்ளும். அதை அடக்கத்தான் ஆக்சிலையும் வண்டியின் சட்டத்தையும் சேர்த்து, பக்கத்துக்கு ஒன்றாகக் கனத்த இரும்புத் தண்டு போடுவார்கள். பட்டறையில் அதை 'பார்' என்பார்கள். திருகினால் நீளும், குறையும். நீளம் பிசகினால் ஒரு டயர் தரையைக் கவ்வும், மற்றது வழுக்கும். வண்டி கோணிக்கொண்டு ஓரத்துச் சிமெண்டுச் சுவரைப் பார்க்கப் போய்விடும்.

ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பாரைச் சரிசெய்யவேண்டும். அவர் கனத்துக்கு வண்டி எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் கணக்கு. சரியாக அமைந்தால், பாரின் முனையில் இருக்கும் போல்ட் ஒற்றை விரலால் தள்ளினாலே வந்துவிடும். ஆள் இறங்கினால் அதே போல்ட் இறுகிக்கொள்ளும், சுத்தியலுக்கும் அசையாது.

மாப்பிள்ளைக்கோ இருப்பு கொள்ளாது. ஸ்டியரிங்கில் தாளம் போடுவார், திரும்பித் திரும்பிப் பார்ப்பார். கீழே படுத்திருக்கும் தங்கை கத்துவாள்: "கொஞ்சம் அசையாம உக்காருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

ஒரு நாள் பகலில் அதேபோலக் கத்தினாள். தாளம் நின்றது. பரவாயில்லையே, சொன்ன பேச்சைக் கேட்கிறாரே என்று மெச்சிக்கொண்டே பாரைத் திருகினாள். போல்ட் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு வந்தது. வெளியே வந்து கதவைத் திறந்தபோது அவர் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தார். எப்போது போனாரோ தெரியாது. உயிர் போனால் கனம் குறைவதில்லை. கீழே இருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

அதற்கப்புறம் அந்த இருக்கையில் உட்காரும்படி அவள் யாரையும் கேட்கவில்லை. மூட்டையில் மணல் கட்டினாள். அவர் கனத்துக்குச் சரியாக நிறுத்து, இருக்கையில் வைத்து, பெல்ட்டும் மாட்டினாள். நான் ஒரு தடவை அந்தப் பக்கம் போனபோது மூட்டைக்கு அவருடைய சட்டையும் போட்டிருந்தது. "மணல் சிந்துதுக்கா" என்றாள். ஒரு மணிகூடச் சிந்தியதாக எனக்குத் தெரியவில்லை.

வருஷம் திரும்பியதும் அவர்கள் மகள் அந்த டிரக்கை ஓட்ட ஆரம்பித்தாள். அப்பாவைவிட மெலிந்தவள். முதல் ஒத்திகையிலேயே வண்டி விருட்டென்று கோணிக்கொண்டது. சுவருக்கும் கதவுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான் மிச்சம்.

தங்கை அன்றைக்குச் சோறு தொடவில்லை. "ஞாயித்துக்கெழமை பந்தயத்துக்குள்ள வண்டி நேரா கெளம்பணும். இல்லன்னா வித்துடுவேன். ஒன்னையும் தூக்கிக் குடுக்க என்னால ஆகாது" என்றாள்.

"வண்டி ஒழுங்காத்தாம்மா இருக்கு. எனக்குப் பதிலா அந்த மூட்டைய வெச்சுத்தானே பார் பாத்தீங்க? மூட்டையா ஓட்டப்போவுது?"

பட்டறையில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு. தங்கைக்குத் தெரியாமல் போய்விட்டது.

மூட்டையை இறக்கி வீட்டு அலமாரியில் வைத்தார்கள். மகள் ஏறி உட்கார, தங்கை பாரைப் புதிதாகத் திருகினாள். போல்ட் விரலுக்கு வந்தது. பட்டறையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார்கள்.

மறுநாள் நல்ல வெயிலில் நானும் கூடப் போனேன். தங்கை சும்மா ஒரு பார்வை பார்ப்பதற்காகக் கீழே புகுந்தாள். இருக்கை காலி. போல்ட் இறுகித்தான் இருக்கவேண்டும். விரலால் தொட்டாள். வந்துவிட்டது.

தரை மட்டத்தைப் பார்த்தாள், டயரில் காற்றைப் பார்த்தாள். எல்லாம் சரி. "நீ ஏறி உக்காரு" என்றாள் மகளிடம். அவள் ஏறியதும் வண்டி ஒரு முனகலோடு இறங்கியது. போல்ட் கப்பென்று பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே ஒருத்தர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இன்னொருத்தரும் ஏறிக்கொண்ட மாதிரி.

கீழே ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் தங்கையின் குரல் வந்தது. கோபமாகக்கூட இல்லை.

"கொஞ்சம் அசையாம உக்காருங்களேன்."

"நான் அசையவே இல்லம்மா."

"ஒன்னச் சொல்லலடி."

காற்றில்லாத பட்டறையில் ஸ்டியரிங்மேல் தட் தட் என்று ஒரு சத்தம். மகளின் இரண்டு கையும் அவள் தொடைமேல் இருந்தன. சத்தம் நின்றது.

தங்கை வெளியே வந்து, முகத்துக் கிரீஸைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சரி. ரெண்டு பேருக்கும் சேத்தே முறுக்கறேன். எறங்க மாட்டேங்கறவர என்ன பண்றது?"

வீட்டிலிருந்து மூட்டையைக் கொண்டுவந்து பக்கத்து இருக்கையில் வைத்து, மகளையும் உட்காரவைத்து, பாரைத் திருகினாள். வேலை முடிந்ததும் மூட்டை அலமாரிக்குப் போய்விட்டது. நானே அலமாரியைப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் தனியாகத்தான் வண்டியில் ஏறினாள். தங்கை பச்சை விளக்கைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். டயர் துள்ளவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. ஜெயித்தாளா என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. தங்கை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வண்டியை விற்கும் பேச்சு அன்றோடு போயிற்று.

இவ்வளவையும் எழுதிவிட்டுத் தங்கை மகளிடம் படித்துக் காட்டினேன். இந்தக் கிழவி எங்கெங்கே கதை விட்டிருக்கிறாள் என்று பார்ப்பதற்காகவே வந்து உட்கார்ந்திருந்தாள். வீடு நகர்ந்ததற்குச் சிரித்தாள். மற்றதற்கெல்லாம் தலையாட்டினாள். கடைசியில்தான் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணு மட்டும் தப்பு பெரியம்மா. மூட்டைய பக்கத்து சீட்ல வெக்கல. என் மடியிலதான் வெச்சாங்க. பந்தயத்தன்னிக்கும் விளக்கு மாறுற வரைக்கும் மடி கனத்துகிட்டேதான் இருந்துச்சு."