முதல் வியாபாரம்

கடையில் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் களவெடுத்தவர்கள் மாதிரிக் கூனிக் குறுகி நிற்பதைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இவர்களுக்கு என் அம்மாவைத் தெரியாதே என்று நினைத்துக்கொள்வேன்.

அது இந்தியச் சேலைகளின் வரவு நின்றுபோயிருந்த காலம். பருத்தித்துறைப் புடவைக்கடை முதலாளிமார் சின்ன ராசாக்களாக இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அக்காவைப் பார்ப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை சந்நிதி கோயிலுக்கு வருவதாக இருந்தது. கும்பிட வந்த இடத்தில் தற்செயலாகக் கண்டதுபோல இரண்டு பகுதியும் நடந்துகொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தத் தற்செயலுக்காக, எங்கள் ஐயா தன் மீன்பிடி வள்ளம் திருத்த வைத்திருந்த காசை எடுத்து, சந்தன நிறத்தில் சிவப்புக் கரை போட்ட சேலை ஒன்று வாங்கினோம். எத்தனை தரம் தோய்த்தாலும் சாயம் போகாது என்று முதலாளியே சொன்னார்.

விறைப்புப் போகட்டும் என்று அக்கா அதை ஒருமுறை தண்ணீரில் நனைத்தாள். கரையில் இருந்த சிவப்பெல்லாம் சேலை முழுவதும் இறங்கிவிட்டது. உடுத்துக்கொண்டு போக வேறு நல்ல சேலை இல்லை. அக்கா கிணற்றடியிலேயே குந்தியிருந்து அழுதாள். எந்தக் காற்றுக்கும் கடலுக்குப் போகிற ஐயா, கடைக்குத் திரும்பிப் போவது மட்டும் மானக்கேடு என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை பின்னேரம் அம்மா தனியாகப் போனார். விளக்கு வைத்த பிறகு சாமான் திருப்பி எடுத்தால் லட்சுமி போய்விடுவாள், காலையில் வா என்று முதலாளி அனுப்பிவிட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முதலாளி அப்போதுதான் சாம்பிராணி காட்டி முடித்திருந்தார்.

"தங்கச்சி, இன்னும் முதல் வியாபாரம் நடக்கேல்லை. அதுக்கு முதல் திருப்பி எடுத்தால் நாள் முழுக்க நட்டமாய்ப் பிழைச்சுப் போகும். பிறகு ஒருநாளைக்கு வாங்கோ."

பின்னேரம் என்றால் லட்சுமி, காலை என்றால் முதல் வியாபாரம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவோ தலையை ஆட்டினார்.

"ஓம் முதலாளி, உங்கடை நாள் பிழைக்கக் கூடாது. வியாபாரம் நடக்கட்டும், இருக்கிறன்."

வாசலோடு கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துகொண்டு, சேலையை எடுத்து என்னிடம் தந்தார். "நல்லா விரிச்சுப் பிடி பிள்ளை. மடிச்சால் கசங்கிப் போகும்."

நானும் கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் இரண்டு பெண்கள் வந்தார்கள். கல்யாண வீட்டுக்காரர் போலிருந்தது, முதலாளியின் முகம் மலர்ந்தது. அவர்களில் ஒருத்தி சேலையைப் பார்த்துவிட்டு, என்ன அக்கா இது என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை.

"இஞ்சை எடுத்ததுதான் பிள்ளை. ஒரு தண்ணியிலை சாயம் கழண்டிட்டுது. முதலாளி நல்ல மனுசன், முதல் வியாபாரம் நடந்தவுடனை மாத்தித் தருவார். நீங்கள் போய் எடுங்கோ."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள். உடுக்கச் சாரம் வாங்க வந்த ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார், அதே பதிலைக் கேட்டார், பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வருகிறவர்களையெல்லாம் அம்மா உள்ளே போய் வாங்கச் சொல்லி உபசரித்துக்கொண்டேயிருந்தார். கடையின் சொந்தக்காரி கூட அவ்வளவு அன்பாக அழைத்திருக்க மாட்டாள். ஆனாலும் அன்றைக்கு ஏனோ ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை.

வெயில் ஏறி வாசலுக்கு வந்தபோது முதலாளி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு சிவப்பு ரிபனை எடுத்தார். பிள்ளைக்கு வைத்துக்கொள், காசு வேண்டாம் என்றார்.

"காசில்லாமல் தந்தால் அது வியாபாரம் இல்லையே முதலாளி" என்று சொல்லி, அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையைக் கொடுத்தார். முதலாளி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் வியாபாரம் முடிந்தது. வேறு சேலைகள் மேசைக்கு வந்தன. அம்மா செம்பில் தண்ணீர் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றின் நுனியையும் நனைத்து, தன் வெள்ளைக் கைலேஞ்சியில் தேய்த்துப் பார்த்து, நீலச் சேலை ஒன்றை எடுத்தார். முதலாளி சாயம் போனதை வாங்கிக்கொண்டு அதைச் சுற்றிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அதை உடுத்துக்கொண்டு சந்நிதிக்குப் போனாள். தற்செயல் நன்றாகவே நடந்தது. அந்த நீலம் இன்றுவரை மங்கவில்லை.

திங்கட்கிழமை நான் ரிபனைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய், பெரிய கடையின் முதல் வியாபாரம் எங்களுடையது என்றும், அந்த முதலாளிக்காக அம்மா எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தார் என்றும் எல்லோரிடமும் பெருமையடித்தேன். அம்மாவைப் பற்றி நான் பட்ட பெருமை சரிதான், காரணம்தான் பிழை. திருப்பிக் கொடுக்கப் போகிற சேலை கசங்கினால்தான் என்ன என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை.