அரை அடி குறைந்த வளைவு

சோனைமுத்து நகரில் அழகுராஜாவின் தலை தெரிந்தால் போதும், மாடிப்படிகளில் கிடக்கும் செருப்புகள் அவசர அவசரமாக வீட்டுக்குள் போகும். அவர் தெருமுனை தாண்டியதும் பழைய இடத்துக்கே திரும்பி வரும். இது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ரெண்டு வருஷமாக இதே பிழைப்பு.

ஆள் அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். ஐம்பத்து நாலு வயசு. உசிலம்பட்டி ரோட்டில், மதுரை முடிந்துவிட்டதா இன்னும் இருக்கிறதா என்று கண்டக்டருக்கே சந்தேகம் வருகிற இடத்தில் இருக்கிறது இந்த நகர். ஒரு காலத்தில் அது அவருடைய அப்பா சோனைமுத்துவின் நிலம். அப்பா போனபிறகு அண்ணன் கருத்தக்கண்ணனும் அவருமாகப் பிளாட் போட்டு விற்றார்கள். அண்ணன் செக்கானூரணிப் பக்கம் மிச்சமிருந்த வயலோடு போய்விட, தம்பி இங்கேயே ஒரு பிளாட்டில் வீடு கட்டிக்கொண்டார். நிலம்தான் போயிற்று, வாசலில் அப்பா பேராவது நிற்கட்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டு எழுப்பியது, ரெண்டு தூணின் மேல் நிற்கும் இரும்பு நுழைவு வளைவு. ஐம்பத்தாறு வீட்டுக்கும் அந்த ஒரே வாசல்தான்.

தீ விஷயம் இவர் தலையில் விழுந்தது ஒரு பங்குனி வெயிலில். காலி பிளாட்டில் யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பு காய்ந்த புல்லைப் பிடித்து, கருவேலத்தைப் பிடித்து, இவர் வீட்டுக் காம்பவுண்டு வரை வந்துவிட்டது. குடமும் வாளியுமாக ஓடி அணைத்தார்கள். பிறகு தீயணைப்பு நிலையத்திலிருந்து குடியிருப்போருக்கான விதிகள் என்று ரெண்டு பக்கத் தாள் வந்தது. சங்கத் தலைவர் பட்டாபிராமன், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், முதல் வரியைப் படித்தார், மடித்தார், "நீங்க லேப்ல இருக்கேள். நெருப்பு சமாசாரம் உங்களுக்குத்தான் தெரியும்" என்று அழகுராஜா கையில் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். இந்த மனுஷனும் அதை வாங்கிக்கொண்டார் பாருங்கள், அங்கேதான் தப்பு.

வீடு வீடாகப் போனார். படியில் சாமான் போடாதீங்க, மொட்டைமாடிக் கதவைப் பூட்டிச் சாவியை ஊருக்குக் கொண்டுபோகாதீங்க, சருகைக் கொளுத்தாதீங்க. எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கு என்ன, கழுத்து அவரவருடையதுதானே. நாலு வாளி வாங்கிச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, தீ பிடித்தால் கொட்ட மணல் நிரப்பித் தெருவில் வைத்தார். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் வாளி நாலும் இல்லை. அதே தெருப் பாண்டிமீனா வீட்டு இருட்டறையில் நாலிலும் அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டு, பயிர் ஒரு சாண் வளர்ந்து நிற்கிறது.

"சாமி காரியம்ணே. வாளி செவப்பா லட்சணமா இருந்துச்சு" என்றாள் அவள்.

சாமி காரியம் என்றபின் என்ன பேசுவது? திருவிழா முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தார். எரிச்சலில் ரெண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. வண்டியைக் கண்ணால் பார்த்தால்தான் இந்த ஜனங்களுக்குப் புத்தி வரும். நிலையத்துக்கு நாலு நடை நடந்து கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் செய்முறை காட்ட வருவதாகச் சம்மதம் வாங்கினார். அன்றைக்கு நகரே திரண்டு நின்றது. சிவப்பு வண்டி மணியடித்துக்கொண்டு மெயின் ரோட்டிலிருந்து திரும்பியது. திரும்பி, வளைவுக்கு முன்னால் சடக்கென்று நின்றது.

டிரைவர் இறங்கி அண்ணாந்து பார்த்தார். ஒரு மூங்கிலை வாங்கி அளந்தார்.

"அண்ணே, ஏணியோட சேத்து வண்டி பன்னெண்டரை அடி. உங்க வளைவு பன்னெண்டு. உள்ள வந்தா ஒண்ணு ஏணி போகும், இல்ல வளைவு போகும்."

"ஏணியக் கழட்டிட்டு வர முடியாதா?"

"வரலாம்ணே. மாடியில ஆள் மாட்டிக்கிட்டா என்னத்தப் போட்டு ஏறுறது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "எங்க செருப்பு ஸ்டாண்ட அம்புட்டு நாளா அளந்தீகளே, உங்க வளைவ அளக்கலையாண்ணே?" என்று பாண்டிமீனா கேட்டாள். அழகுராஜாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அளந்தார். ஏன் அளக்கவில்லை? கட்டும்போது டேப்பைப் பிடித்ததே அவர்தான். சரியாகப் பதினாலு அடி. அதற்கப்புறம் நாலு தடவை ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லி, அதன் மேலேயே தார். ஒவ்வொரு தடவையும் அரை அடி. அவர் வீட்டு வாசல்கூட இப்போது தெருவுக்கு ரெண்டு படி கீழே கிடக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் நேரே ஹாலுக்குள் வருகிறது. வளைவு இறங்கவில்லை, ரோடுதான் ஏறியிருக்கிறது. ரோடு வேண்டும் என்று மனு எழுதியது யார்? இதே அழகுராஜா, நாலு தடவையும், கார்பன் வைத்து. யாரைத் திட்டுவது என்றே தெரியாத கோபம் இருக்கிறதே, அதைவிடக் கொடுமை வேறில்லை.

ரோட்டைச் சுரண்டச் சொல்லிப் பஞ்சாயத்து ஆபீசில் கேட்டுப் பார்த்தார். அடுத்த முறை போடும்போது பார்க்கலாம் என்றார்கள். வளைவை உயர்த்த முடியுமா என்று கொத்தனாரைக் கேட்டார். தூண் தாங்காது என்றார். அதற்குமேல் அண்ணனைப் பார்க்காமல் முடியாது. செக்கானூரணிக்கு பஸ் ஏறினார்.

கருத்தக்கண்ணன் களத்தில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நெலத்த வித்தோம். பேரு ஒண்ணுதான்டா மிச்சம். அதையும் அறுக்கணுமா?" என்றார்.

"அம்பத்தாறு வீடு இருக்குண்ணே. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா..."

"அவுகெல்லாம் உனக்கு என்னடா சொந்தம்?"

அவர்களில் பாதிப் பேர் தன்னைக் கேலி பேசுகிறவர்கள் என்பது அழகுராஜாவுக்கே தெரியும்.

"அறுத்துக்க. அறுத்துட்டு இந்தப் பக்கம் வந்துறாத" என்றார் அண்ணன். சோளத்தைத் தள்ளப் போய்விட்டார்.

எட்டு நாள் அழகுராஜா தூங்கவில்லை. ஒன்பதாம் நாள் வெல்டிங் பட்டறைக்காரன் காளையைக் கூட்டிவந்தார். வளைவை அறுத்து இறக்கி, ரெண்டு தூணையும் உடைத்துத் தரைமட்டமாக்க மத்தியானம் ஆனது. யார் சொன்னார்களோ, அண்ணன் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியில் வந்து இறங்கினார். அப்பா பேர் எழுதிய தகட்டை ஏற்றச் சொன்னார். எழுத்தில் கீறல் விழாமலிருக்கத் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போர்த்திக் கட்டினார். தம்பி பக்கம் திரும்பவே இல்லை. அழகுராஜாவின் மனைவி தங்கப்பொண்ணு ஓடிப்போய், "ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க மாமா" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது. அழகுராஜாவுக்குப் பிள்ளைபோல அழ வேண்டும் என்றிருந்தது, அழவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பி வந்தால், தூண் இருந்த இடத்தில் ஒரு கார் நிற்கிறது. தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு, கழுவித் துடைத்து, பளபளவென்று நிற்கிறது. பட்டாபிராமனுடைய கார். முனை வீடு அவருடையதுதான்.

பட்டாபிராமன் கேட்டுக்கு வந்து, "இடம் சும்மாதானே கெடக்கு அழகுராஜா. வேப்பமர நிழல் வேற" என்றார்.

ரெண்டு வருஷமாக வீடு வீடாக ஒப்பித்த விதி ஒன்றுகூட அப்போது அழகுராஜா வாயில் வரவில்லை.

"சும்மா கெடக்கிற எடம் இல்ல சார்" என்றார். "எங்கண்ணனக் குடுத்து வாங்கியிருக்கேன்."

பட்டாபிராமன் சாவி எடுக்க உள்ளே போனார். அவர் திரும்பி வந்து காரை எடுக்கும்வரை, பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தும், அழகுராஜா அங்கேயே நின்றார்.