இடது பக்கம்

எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன நாள்லேர்ந்து என் சமையலறைக்கு ஒரு மேலதிகாரி வந்து சேர்ந்தார். வேலை பார்த்த காலம் முழுக்க கூட்ஸ் ரயில்ல கார்டு. கடைசிப் பெட்டியில தனியா உட்கார்ந்து பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் காட்டிப் பழகின மனுஷன். வீட்டுல காட்டறதுக்கு ஆள் யாரு, நான்தான். ஃப்ரிட்ஜை ஏன் இவ்வளவு நேரம் திறந்து வச்சிருக்க, அடுப்பை ஏன் குறைக்கல, சர்க்கரை டப்பா ஏன் இடம் மாறிச்சு. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு.

வெளியிலயும் சும்மா இருக்க மாட்டார். ஓட்டுப் போடற அன்னிக்குக் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே போய் நிப்பார். தெருக்குழாய் உடைஞ்சா போன் போடுவார், தெருவிளக்கு எரியலன்னா போன் போடுவார், எரிஞ்சா பகல்ல ஏன் எரியுதுன்னு போன் போடுவார். எங்க வயசுக்காரங்க எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. நாம கையை எடுத்தா ஊரே கவுந்துடும்னு ஒரு நினைப்பு. எனக்கும் உண்டு, நான் வாயைத் திறந்து சொல்றதில்ல, அவ்வளவுதான்.

அதனால, பிள்ளைங்க ரோடு தாண்டறப்போ ஸ்டாப் போர்டு பிடிக்க ஒரு ஆள் வேணும்னு பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை கேட்டப்போ, இவரை விட நான்தான் சந்தோஷப்பட்டேன். சம்பளம் கிடையாது. ஒரு ஆரஞ்சுக் கோட்டு, ஒரு போர்டு. தினமும் காலையில ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டுக் கிளம்புவார். பிள்ளைங்க 'ஸ்டாப் தாத்தா'ன்னு பேரே வச்சுட்டாங்க. நான் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு காபி குடிப்பேன், ரேடியோ கேட்பேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குச் சொர்க்கம்.

அவரோட இடது கண்ணு சரியில்லன்னு எப்போ தெரிஞ்சதுன்னு கேட்டா, நாள் குறிச்சுச் சொல்ல முடியாது. தட்டுல இடது ஓரத்துல இருக்கறது அப்படியே மிஞ்சும். கதவு நிலையில தோள் இடிக்கும். தண்ணி டம்ளரைத் தட்டி விட்டுட்டு, இங்க ஏன் வச்சன்னு என்னைத் திட்டுவார். ஒரு தடவை, கண் டாக்டரைப் பார்த்துட்டு வரலாமான்னேன். "எனக்கா? சிக்னல் பார்த்த கண்ணு இது"ன்னு பேப்பரை விரிச்சுக்கிட்டார். நானும் விட்டுட்டேன். வற்புறுத்தியிருக்கலாம். மகளுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். சொன்னா போர்டு போயிடும், போர்டு போனா மனுஷன் நாள் முழுக்க வீட்டுல. மூடி மறைப்பானேன், அதுதான் காரணம். கடைக்குப் போகும்போது மட்டும் அவருக்கு இடது பக்கமா மாறி நடக்க ஆரம்பிச்சேன். அதோட என் பொறுப்பு முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

போன திங்கக்கிழமை கோட்டைக் கழட்டாமலே வந்து உட்கார்ந்தார். ரொட்டி வேன் ஒண்ணு பிள்ளைங்க மேல ஏறப் பார்த்துச்சாம். இவர் போர்டைத் தூக்கிக்கிட்டு, பிள்ளைங்களை வாங்கன்னு கையசைச்சதும் வேன் கிறீச்சுன்னு வந்து நின்னிருக்கு. முன்னாடி போன சின்னப் பொண்ணோட பை பம்பர்ல மாட்டிக் கிழிஞ்சு போச்சு. நல்லவேளை, பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல. பெத்தவங்க எல்லாம் சேர்ந்து டிரைவரை உண்டு இல்லன்னு பண்ணிட்டாங்க. அவனை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி பேக்கரி முதலாளிக்குப் போன் போயிடுச்சு. இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க மட்டும் இல்லன்னா என்ன ஆகியிருக்கும்னு கண் கலங்கினாங்களாம்.

காபி வச்சேன், தொடல. டம்ளரைத் தள்ளி வச்சுட்டுச் சொன்னார்.

"டிரைவர் வேகமா வரல. அவன் கிட்ட வந்ததுக்கு அப்புறம்தான் நான் கையைக் காட்டியிருக்கேன். அவனைப் பார்க்கவே இல்ல. எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தான்னே எனக்குத் தெரியல."

எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும். சொல்லல.

"கோட்டைத் திருப்பிக் கொடுத்துடணும். அநியாயமா ஒருத்தன் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டேன். நீயும் கூட வா"ன்னார்.

தலைமையாசிரியை மேஜை மேல கோட்டை மடிச்சு வச்சார், போர்டைச் சுவத்துல சாய்ச்சார். "எனக்கு ஒரு பக்கம் கண்ணு தெரியலம்மா. டிரைவர் மேல தப்பில்ல. பேக்கரிக்கு நீங்களே பேசிச் சொல்லணும்"னார். அந்தம்மா அப்பவே போன் பண்ணிப் பேசினாங்க. அவன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கேட்ட பிறகுதான் இவர் நாற்காலியில உட்கார்ந்தார்.

"வீட்டுல யாருமே கவனிக்கலையா?"ன்னு கேட்டுட்டு அந்தம்மா என்னைப் பார்த்தாங்க. நான் மேஜை மேல இருந்த கோட்டையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

"இவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் யார்கிட்டயும் காட்டிக்கல"ன்னார். ஒரு சின்னப் பொய் சொல்லணும்னாலும் தடுமாறற மனுஷன், தடுமாறாம சொன்னார்.

வெளியில வந்து மதிலோரமா நடந்தோம். பழக்கத்துல நான் இடது பக்கம்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீ எனக்கு வலது பக்கமாத்தான் நடப்ப. கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வந்துட்ட. அப்பவே எனக்குக் கண்ணு மேல சந்தேகம் வந்துச்சு. ஆனா நீ ஒண்ணும் சொல்லல. பெரிசா இருந்தா சொல்லியிருப்பாளேன்னு நானும் விட்டுட்டேன்."

கோபமா சொல்லல. நாலு வார்த்தை திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். உள்ள பிள்ளைங்க விளையாடற சத்தம் கேட்டுச்சு. அதைக் கேட்டுக்கிட்டு என்னால அதுக்கு மேல நடக்க முடியல.

"இப்படியே மதிலைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. தனியா ரோடு தாண்டிடாதீங்க"ன்னேன்.

"ஏன், எதையாவது மறந்துட்டியா?"

"ஒண்ணு சொல்லாம வந்துட்டேன்"னு சொல்லிட்டு, தலைமையாசிரியை ரூமுக்குத் திரும்பி நடந்தேன்.