ஒரே நாளில் மூன்று கல்யாணம், ஒரு காலண்டர்

முகூர்த்த நாளில் யார் எந்தக் கல்யாணத்துக்குப் போவது என்று வீட்டில் சண்டை வராமலிருக்க, பழைய லேப்டாப்பை சர்வராக்கி எல்லார் போனிலும் ஒரே காலண்டரைப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

இன்று அது சொன்னபடி பண்ணைப்புரம் போனேன். பந்தியில் பக்கத்து இலையில் என் தம்பி.

"நீ எதுக்குடா இங்கன?"

"மாப்பிள்ளை வீட்டு சார்பா அப்பாதான் என் பேரப் போட்டாக."

பெண் வீட்டு சார்பாக என் பேரைப் போட்டது அம்மா. இருவரும் கம்பத்தில் இன்னொரு கல்யாணத்தில் இருந்தார்கள்.

பாயசம் வருவதற்குள் சின்னமனூரிலிருந்து தூரத்து மாமா போன் செய்தார்.

"எம் மக கல்யாணத்துக்கு உங்க வீட்டுல ஒருத்தரும் வரலையே மாப்ள."

மாலையில் காலண்டரைத் திறந்தால் அம்மா புதிதாகப் பதிந்திருக்கிறாள்.

"சின்னமனூர் மாமா வீடு. மூத்தவன் போகணும். அவுக சிரிக்கிற வரைக்கும் தினமும்."

துணைக்கு வருகிறவர்கள் கமெண்டில் பேர் கொடுக்கலாம். காலண்டரில் நான் ஏற்றிவிடுகிறேன்.