மாமன் மடிக்குக் காத்திருந்தோம்

தலைப்பிரசவத்துக்குக் கண்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் இராஜபாளையத்துக்காரர். மீசை முளைக்கும் முன்பே இலங்கைக்குப் போய் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்துப் பிழைத்தவர். பெண் பிறந்து மூன்று மாதம் ஆனதுமே, கிளம்பி வா என்று எழுதிவிட்டார்.

அம்மா விடவில்லை. காது குத்தாமல் பிள்ளையைக் கடல் தாண்ட விடுவதா என்றாள். குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மாமன், என் தம்பி, பட்டாளத்தில் இருந்தான். சண்டைக் காலம். லீவு கிடைத்தபாடில்லை.

“ஆசாரிய வரச் சொல்லும்மா, குத்திட்டுப் போறேன்” என்றேன்.

“மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில வேற எவன் மடியில வைக்க? ஊரு காறித் துப்பும். அவன் வரட்டும், பொறவு போ.”

ஊருக்குப் பயந்து நானும் இருந்துவிட்டேன். அந்த ஊர் பின்னால் எங்களுக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊற்றவில்லை. தம்பி வந்து சேர்ந்தபோது மகளுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. அவளே நடந்து போய் அவன் மடியில் உட்கார்ந்தாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அதன் பிறகு கண்டியில்தான் இருந்தோம். சின்னவள் அங்கேயே பிறந்தாள். இரண்டு நாட்டுக்கும் சுதந்திரம் வந்தது. இந்தியாவிலிருந்து போன எங்களைப் போன்றவர்கள் இலங்கைப் பிரஜையாக வேண்டுமானால் மனுப் போட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். விட்டுப் போகாமல் இத்தனை வருஷம் குடியிருந்திருக்க வேண்டும், நிலையான வருமானம் வேண்டும், பெண்டாட்டி பிள்ளைகள் கூடவே இருந்திருக்க வேண்டும். எல்லாம் இருக்கிறதென்று இவர் புது வேட்டி கட்டிக்கொண்டு எங்களையும் வக்கீலிடம் அழைத்துப் போனார்.

வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மூத்தவள் எப்ப இங்க வந்தவள்?” என்றார்.

நாட்டுக்கு வெளியில் பிறந்த பிள்ளை ஒரு வயது முடிவதற்குள் அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டுமாம். ஏன் பிந்தியது என்று கேட்டார்.

“காது குத்தணும்னு இருந்துட்டாக” என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

வக்கீல் மூத்தவளின் காதைப் பார்த்தார். ஒரு பிள்ளை பிந்தியிருந்தாலும் மொத்தக் குடும்பத்தின் மனுவையும் தள்ளிவிடுவார்கள் என்றார். அவர் சிரித்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன்.

பிரஜையாக வழியில்லாத ஆளை வைத்துக்கொள்ளக் கடை முதலாளிக்குத் துணிச்சல் இல்லை. மூட்டை கட்டினோம். இராஜபாளையத்தில் இவர் மில்லில் பஞ்சு சுமக்கப் போனார். இத்தனை வருஷம் அங்கே இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்றார்கள்.

வந்த சில நாளில் தம்பி சின்னவளுக்குக் கம்மல் வாங்கிக்கொண்டு வந்தான். பட்டாளத்திலிருந்து வந்துவிட்டான், இனி லீவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

“எடுத்துட்டுப் போலே. இவ மூளிக்காதோடயே கெடக்கட்டும்.”

“நான் என்னக்கா செஞ்சேன்?”

அவன் ஒன்றும் செய்யவில்லைதான். அது தெரிந்தும், அவன் வாசலைத் தாண்டும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

மூத்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தன் கம்மல் இரண்டையும் கழற்றி என் மடியில் போட்டாள்.

“இப்பப் போலாமாம்மா, கண்டிக்கு?”

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவளை விட்டால் அடிக்க எனக்கு வேறு யாரும் இல்லை.